நோய் வரும் வழி



முத்தைப் பற்றி நம் ஊரில் பேசாதார் இல்லை. முத்துக்குளிப்போடு வந்த கொள்ளைநோயைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நின்றது. அதற்கு முன்னெல்லாம், குளிப்பு நடக்கும் வாரங்களில் வெறும் மணலில் ஓர் ஊரே முளைக்கும். ஆயிரக்கணக்கானோர் கூடுவர், சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவர், ஈ மொய்க்கும். மன்னார் வளைகுடாக் கரைகளில் அத்தகைய கூட்டங்களிடையே காலரா புகுந்து பலரை வாரிக்கொண்டு போனதுண்டு.

நாற்றமே நோய் என்றனர் கற்றவர். அம்மனின் சினம் என்றனர் மற்றவர். 'இந்த அழுக்கர்களால் வந்தது' என்று நம்மைச் சுட்டியவர்களும் உண்டு. மூன்றும் பிழை. 1854இல் இலண்டனில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், ஒரு தெருப் பம்பின் நீரைக் குடித்தவர்களிடையே காலரா மிகுந்ததைக் காட்டினார். 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் கோக், காற்புள்ளிபோல் வளைந்த கிருமியே காரணம் என்றார். அக்கிருமிக்குச் சாதி தெரியாது. மலம் கலந்த நீர் போதும். பொதுக்கிணறு மறுக்கப்பட்டுக் குட்டைநீரை மொண்டவர்களிடம் நோய் மிகுந்தால் குற்றம் யாருடையது? 1927இல் மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்ததை, உடல்நலத்திற்கான போராட்டமாகவும் நாம் கருதுகிறோம்.

காலரா கண்டவர்க்கு அரிசி கழுவிய நீர்போல வயிறு போகும். வாந்தி உண்டு. கண் குழியும், கெண்டைக்கால் இழுக்கும், கிள்ளிய தோல் உடனே படியாது. உயிரைக் குடிப்பது நீரிழப்பே. ஆகவே, 'பேதியாகிறவனுக்குத் தண்ணீர் கொடாதே' என்னும் பழம்பேச்சு கொலைக்குச் சமம். கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அதனைச் சிறிது சிறிதாகக் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1971இல் வங்க அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டு, நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவை 4க்கும் கீழே இறக்கினார். உப்பு விளைவிக்கும் நாம் இதை அறியாதிருக்கலாமா?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அவ்வெள்ளத்தில் நம்மில் பலர் நாள்கணக்கில் நடந்தோம். எலியின் சிறுநீர் கலந்த நீரில் உள்ள கிருமி, பாதவெடிப்பின் வழியே உடலில் நுழைவதுண்டு. அதுவே எலிக்காய்ச்சல். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலை. உப்பளத்தில் நின்று பாதம் வெடித்தவர்கள் இதனைக் குறித்துக்கொள்க. ஒருநாள் கூலி போய்விடுமே என்று மருந்துக்கடை மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகும் வழக்கத்தை நாம் அறிவோம். ஆயினும் தொடக்கத்திலேயே சென்றால் எளிய மருந்தில் தீரும் நோய் இது. டாக்டர் கேட்காவிட்டாலும், 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.