கைத்தொலைபேசியும் உடம்பின் கணக்கும்



பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரு காட்சி நன்றாக நினைவிருக்கும். விடியும் முன்னே வெட்டிய மரங்களின் பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு, வெயில் ஏறும் வேளையில் பால் ஸ்டோருக்கு வந்து நிற்போம். அங்கே தராசு இருக்கும்; கிராணி இருப்பார். ஒவ்வொருவர் பாலும் நிறுக்கப்படும். அதோடு விடமாட்டார்கள். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் கணக்குப் புத்தகத்தில் எண் ஏறும். அப்படியில்லாமல், "வாளியைப் பார்த்தாலே தெரிகிறதே, இருபது கிலோதான்" என்று கண்ணளவில் எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். நம் உழைப்பின் கூலி அல்லவா அது?

நம் உடம்பின் கணக்கும் இப்படிப்பட்டதுதான். முதலில் சரியான கருவியால் அளக்கவேண்டும். பிறகு தவறாமல் எழுதி வைக்கவேண்டும். இன்று தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த வீடுகளிலும் திறன் மிகுந்த கைத்தொலைபேசி இருக்கிறது. "நாடி பார்க்கிறேன், இரத்தக் கொதிப்புப் பார்க்கிறேன், இனிப்பு நீர் பார்க்கிறேன்" என்று சொல்லும் செயலிகள் அதில் பல வருகின்றன. இவற்றில் எதை நம்பலாம்? எதை நம்பக்கூடாது? இன்றைய உரையில் இதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

இது நமக்கு எவ்வளவு வேண்டிய செய்தி என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 18 பேரிடம் இனிப்பு நீர் நோய் காணப்பட்டது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், 100 பேருக்கு ஏறத்தாழ 31 பேர். ஒரு லயத்தில் பத்துப் பெரியவர்கள் இருந்தால் அவர்களில் மூவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தக் கொதிப்பும் குறைந்ததல்ல. அதே ஆய்வில் பத்தில் மூவருக்கு அது இருந்தது. இந்த இரண்டு நோய்களும் சத்தம் போடாமல் வருபவை. தலைவலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில், கைத்தொலைபேசி தானாகவே ஓரளவு நன்றாக அளக்கக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். அதுதான் நாடித் துடிப்பு. தொலைபேசியின் பின்புறத்தில் படம் பிடிக்கும் கண்ணாடியும், அதன் அருகே ஒரு சிறு விளக்கும் இருக்கின்றன. செயலியைத் திறந்து, விரல் நுனியை அவற்றின் மேல் மெதுவாக வைத்தால், விளக்கின் ஒளி விரலின் தசைக்குள் புகுகிறது. இருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் விரலில் இரத்தம் சிறிது கூடிப் பின் குறைகிறது. இரத்தம் கூடும்போது ஒளி மங்குகிறது, குறையும்போது தெளிகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தொலைபேசி எண்ணிச் சொல்கிறது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறிய பின் பார்க்கவேண்டும். விரல் குளிர்ந்திருக்கக்கூடாது, அசையக்கூடாது, அழுத்தி வைக்கவும் கூடாது. ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களின் நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். உழைத்து உரமேறிய உடம்பில் 60க்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். எண்ணில் சந்தேகம் வந்தால் நம் முன்னோர் செய்தபடி மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்கிப் பாருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் தாவித் தாவி வந்தாலும், மயக்கம் வந்தாலும் கிளினிக்கில் சொல்லவேண்டும்.

இனி, ஆபத்தான இடத்திற்கு வருவோம். ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தகப்பனாருக்கு இரத்தக் கொதிப்பு. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். விடுமுறைக்கு வந்த மகன் ஆசையோடு ஒரு செயலியைத் தொலைபேசியில் இறக்கி, "அப்பா, விரலை இப்படி வையுங்கள்" என்கிறான். சற்று நேரத்தில் 118க்கு 76 என்று எண் வருகிறது. அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "பார்த்தாயா, எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது!" என்று சொல்லி, மறுநாள் முதல் மாத்திரையைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார். மகன் கெட்டது ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த எண் பொய்யாக இருந்தால் என்ன ஆகும்? பாரிசவாயுவும் மாரடைப்பும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இது வெறும் பயம் அல்ல. அமெரிக்காவில் ஒரு செயலி, தொலைபேசியை மட்டுமே கொண்டு இரத்தக் கொதிப்பை அளப்பதாகச் சொல்லி விற்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதைச் சோதித்து, 2016ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். உண்மையிலேயே இரத்தக் கொதிப்பு கூடியிருந்தவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு, "உங்களுக்குச் சரியாக இருக்கிறது" என்று அந்தச் செயலி சொல்லியிருக்கிறது. கண்ணளவில் கணக்கு எழுதுவதைவிட இது மோசம் அல்லவா?

கிளினிக்கில் நம் கையில் ஒரு பட்டையைச் சுற்றுகிறார்களே, அது எதற்காக? அந்தப் பட்டை காற்றால் உப்பிக் கையை இறுக்கி, இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் தடுக்கிறது. காற்று மெல்ல இறங்கும்போது, எந்த அழுத்தத்தில் இரத்தம் மீண்டும் பாய்கிறது என்பதைக் கருவி கண்டுகொள்கிறது. வெறும் தொலைபேசியால் இப்படி நம் கையை இறுக்க முடியாது. இரத்தக் கொதிப்பைக் காட்டும் சில கைக்கடிகாரங்களும் உண்டு. அவற்றையும் பட்டைக் கருவியோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிசெய்தாக வேண்டும். ஆகவே, பணம் செலவிடுவதென்றால் மேல்கையில் சுற்றும் பட்டைக் கருவி ஒன்றை வாங்குவோம். ஒரு வீட்டால் முடியாவிட்டால் அண்ணன் தம்பி வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

அளக்கும் முறையைக் கவனியுங்கள். அரை மணி நேரத்திற்கு முன்பிருந்தே கோப்பியோ சிகரெட்டோ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கையை மேசை மேல், நெஞ்சின் உயரத்தில் வையுங்கள். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரை போடுமுன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என ஏழு நாள் செய்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. வீட்டில் எடுக்கும் அளவு 135க்கு 85 என்ற எல்லையிலோ அதற்கு மேலோ தொடர்ந்து நின்றால் கிளினிக்கிற்குப் போகவேண்டும். 180க்கு 110 என்று வந்தால், ஓய்வெடுத்து மீண்டும் அளந்து, அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே போகவேண்டும்.

அடுத்தது இனிப்பு நீர். தோலைத் துளைக்காமல் இரத்தத்தில் உள்ள சீனியை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் எச்சரித்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சோதனைத் தாளில் வைத்துப் பார்ப்பதே நமக்குத் தெரிந்த நல்ல வழி. கையில் ஒட்டிக்கொண்டு தொலைபேசிக்கு எண்ணை அனுப்பும் சிறு கருவிகளும் உண்டு. ஆனால் அவற்றிலும் தோலுக்குள் செல்லும் மெல்லிய இழை இருக்கிறது.

இங்கே ஓர் எண் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். மலேசியாவில் சீனியை மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கில் சொல்கிறார்கள். மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் எண் வரும். நம் 7, அங்கே 126. தொலைபேசியில் தமிழ்நாட்டு மருத்துவரின் பேச்சைக் கேட்டுவிட்டு, "அங்கே 126 என்கிறார்கள், எனக்கு 12தானே" என்று எண்ணி ஏமாந்துவிடக்கூடாது. நம் 12, அங்கே 216 ஆகும். செயலியில் எண்ணைப் பதியும்போதும் அது எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான செய்தி. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனால், சீனி திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். வெயில் களைப்பு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அளவு 3.9க்குக் கீழே இருந்தால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். கருவி கையில் இல்லாவிட்டால் முதலில் சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றவேண்டாம், 999ஐ அழையுங்கள். வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லி, மருந்து நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

பிராணவாயுவை அளக்க விரலில் மாட்டும் சிறு கருவியை, 2020இல் தொடங்கிய கோவிட் காலத்தில் பலர் வாங்கி வைத்தோம். 95 முதல் 100 வரை நல்ல அளவு. ஆனால் 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கறுப்பின நோயாளிகளிடம் பிராணவாயு உண்மையில் குறைந்திருப்பதை அந்தக் கருவி தவறவிடுவது, வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. தோலின் கருமை ஒளியைத் தடுப்பது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நம்மிலும் பலர் கரிய நிறத்தினர். ஆகவே மூச்சுத் திணறல் இருந்தால், எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. நகச்சாயமும் மருதாணியும்கூட எண்ணை மாற்றக்கூடும்.

அப்படியானால் கைத்தொலைபேசியால் பயனே இல்லையா? நிறைய உண்டு. மாத்திரை நேரத்திற்கு மணி அடிக்கச் செய்யலாம். கருவி காட்டிய எண்ணைத் தேதியோடு படம் பிடித்து வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது உதவும். பேரப்பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சொல்வார்கள். மைசெஜாத்ரா செயலி வழியாக அரசாங்கக் கிளினிக்கில் முன்பதிவு செய்யலாம். பூட்டிய தொலைபேசியிலும் பிறர் பார்க்கும்படி நம் நோய், மருந்து, உறவினர் எண் ஆகியவற்றைப் பதியும் வசதி பல தொலைபேசிகளில் உண்டு. காட்டில் மயங்கி விழுந்தவருக்கு அது உயிர் காக்கும். ஆனால் அடையாள அட்டை எண்ணையும் வங்கி விவரத்தையும் கேட்கும் முகமறியாத செயலிகளுக்கு எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

நேயர்களே, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 999. அதுபோலவே, தொலைபேசி எந்த எண்ணைக் காட்டினாலும் மருந்தை நாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

பால் ஸ்டோரில் தராசும் வேண்டும். கணக்குப் புத்தகமும் வேண்டும். கணக்கைப் பார்த்துச் சம்பளம் போடுகிறவரும் வேண்டும். உடம்பின் கணக்கில் பட்டைக் கருவியும் சோதனைத் தாளும் தராசு. கைத்தொலைபேசி கணக்குப் புத்தகம். கணக்கைப் படித்து முடிவு சொல்கிறவர் மருத்துவர். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுக்காமல் இருந்தால், நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பல தீபாவளிகளை நம்மோடு கொண்டாடுவார்கள். அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது ஏழு நாள் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போவோம்.