காணாமற்போன நான்காம் பகுதி



பி.பி.சி. நிறுவனத்தார் 1963இல் தொடங்கிய அறிவியற் கற்பனைத் தொடர் 'டாக்டர் ஹூ'. அதில் 1966 அக்டோபரில் ஒளிபரப்பான 'தி டென்த் பிளானட்' என்னும் கதைக்குப் பகுதிகள் நான்கு. முதன் மூன்றும் எஞ்சின. முதியவரான வில்லியம் ஹார்ட்னெல், பாட்ரிக் டிரௌட்டனாக உருமாறும் நான்காம் பகுதியோ காணாமற்போயிற்று. அக்கதையை அண்மையில் மீண்டும் கண்டோம்.

இல்லாததை எங்ஙனம் கண்டீர் எனக் கேட்பீர்கள்.

அந்நாளில் ஒளிநாடாவின் விலை மிகுதி. ஆதலின் பழைய பதிவை அழித்துப் புதியதைப் பதிந்தனர். இடமில்லையெனப் படச்சுருள்களையும் கழித்தனர். இரயில்வே எழுத்தராகிய நாமும் காலங்கடந்த கோப்புகளைக் கழிப்பவரே. அவர்களைப் பழிக்க நமக்கு நா எழவில்லை.

ஆயினும் நேயர் சிலர் வீட்டிலிருந்தே ஒலியைப் பதிந்து வைத்திருந்தனர். ஜான் கூரா என்பார் திரையில் தோன்றியதை நிழற்படங்களாக எடுத்திருந்தார். உருமாறும் காட்சி, 1973இல் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்தாளப்பட்டமையால் தப்பிற்று. 2013இல் அப்பகுதியை அசையும் ஓவியமாக வெளியிட்டனர். முகம் ஓவியமே, குரலோ ஹார்ட்னெலின் குரலே! அதைக் கேட்டபோது மெய்சிலிர்த்தோம்.

நிறுவனம் கைவிட்டதை எளியோர் காத்தனர். அன்பர்களே, நம் சங்கத்தின் பழைய மலர்கள் எத்தனை இல்லங்களில் உள்ளன? இம்மலரையேனும் பழைய தாள்களோடு எடைக்குப் போடாதீர்கள். இல்லந்தோறும் ஒரு படி இருப்பின், என்றேனும் ஒன்று எஞ்சும்.