ஊசி எழுதிய போர்



நூல் என்னும் சொல் நமக்கு இழையையும் குறிக்கும்; ஏட்டையும் குறிக்கும். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்தார் பவணந்தியார். நமக்கு உருவகமாக நின்ற இச்செய்தி, லாவோசு மலைகளில் வாழ்ந்த மோங் இனப் பெண்களுக்கு வாழ்க்கையாகவே ஆயிற்று.

அவர்தம் பூவேலைக்குப் 'பா ந்தாவ்' என்று பெயர். பூத்துணி என்பது பொருள். நத்தைச் சுருள், யானை அடி போன்ற கோலங்களே அதன் மரபு. தம் இனம் இழந்த எழுத்தைப் பெண்கள் பாவாடைப் பூவேலையில் ஒளித்துக் காத்தனர் என்றொரு கதையும் அவர்களிடையே உண்டு.

1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோசின்மீது 20 லட்சம் டன்னுக்கும் மேலான குண்டுகளை வீசியது. மோங் மக்களுள் பலர் அமெரிக்கப் பக்கம் நின்று போரிட்டனர். 1975இல் ஆட்சி மாறியதும், பழிக்கு அஞ்சி மேக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து சென்றனர். பான் வினாய் போன்ற முகாம்களில் உழ நிலமில்லை, ஊசி இருந்தது. கோலங்கள் இருந்த துணியில் விமானமும், எரியும் வீடும், மூங்கிலைப் பற்றி ஆற்றில் மிதக்கும் குடும்பமும் வந்தன. ஆடவர் பலர் வரைந்து கொடுக்க, பெண்கள் தைத்தனர்.

இவை விற்பனைக்காகத் தைக்கப்பட்டவை. வாங்குவோர் விருப்பத்திற்கேற்ப நிறங்களும் மாறின. விலைக்கு வந்த துயரம் கலையாகுமா என்று நானும் முதலில் ஐயுற்றேன். ஆனால், பரிசில் பெற்றுப் பாடிய மரபினர் நாம். அக்கேள்வியை அப்பெண்களிடம் மட்டும் கேட்பது முறையன்று. எவர் கண்கொண்டு போர் காணப்படுகிறது என்பதே கேள்வி. கலிங்கத்துப்பரணி வென்றவர் பக்கம் நின்று பாடியது. இத்துணிகளிலோ வெற்றி இல்லை, ஓடுகிறவர்களே இருக்கிறார்கள்.

மரபா, புதிதா என்னும் வழக்கு நம் வட்டத்தில் பத்தாண்டுகளாகத் தீர்ந்தபாடில்லை. இத்துணிகளின் விளிம்பைப் பாருங்கள். பழைய முக்கோண வரிசை பலவற்றில் அப்படியே நிற்கிறது. அதற்குள்தான் குண்டு விழுகிறது. மரபு போரை அழகுபடுத்தி மறைக்கவில்லை, அதைத் தாங்கிக்கொண்டது. நம் யாப்புக்கு அந்த வலிமை உண்டா என்பதை எழுதித்தான் காட்டவேண்டும். வாதிட்டுக் காட்ட இயலாது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். குண்டு விழ நொடிப்பொழுது போதும். அதைத் தைத்து முடிக்க நெடும்பொழுது வேண்டும். அவ்வளவு நேரம் அதன்மேல் கண்வைத்திருந்த கை, வேண்டாத அடைமொழி ஒன்றையும் தைக்கவில்லை. காணாத போரை ஒரே இரவில் பாடிவிடும் நாம் அக்கையிடம் கற்க வேண்டியது அந்தப் பொறுமையே.