முதலில் எந்த எழுத்து தப்பியது?

கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராஜபாளையத்தில் 2013-இல் தொடங்கிய ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்று இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் இப்போதுதான் சி மொழியைத் தொட்டவர்களுக்காக இந்தப் பேச்சு. கையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவிச்சொல் வைத்துச் செய்தியை மறைக்கும் புரோகிராம் ஒன்று புதியவர்களுக்குப் பயிற்சியாகத் தரப்படுவதுண்டு. ஆங்கில எழுத்துகளில் ஏ-க்கு 0, அடுத்த எழுத்துக்கு 1 என்று இசட் வரை 25. செய்தியின் ஒவ்வோர் எழுத்தோடும் சாவியின் ஓர் எழுத்தைக் கூட்ட வேண்டும். 25-ஐத் தாண்டினால் 26-ஐக் கழித்துவிட வேண்டும். சாவி தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. திறக்கும்போது கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். இத்தாலியர் பெல்லாசோ 1553-இல் வெளியிட்ட முறை இது. பெயர் என்னவோ பிறகு வந்த பிரெஞ்சுக்காரர் விஜெனேருக்குப் போய்விட்டது.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில், தம்பி ராஜபாளையத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு புரோகிராம் எழுதியிருக்கிறார்கள். சாவிச்சொல் பால்கோவா: பி, ஏ, எல், கே, ஓ, வி, ஏ. அக்கா "ராஜா வா" என்று அனுப்புகிறாள்: ஆர், ஏ, ஜே, ஏ, ஒரு ஸ்பேஸ், பிறகு வி, ஏ. தம்பிக்கு "ராஜா" சரியாக வந்துவிட்டது. "வா" மட்டும் சி, எஃப் என்று வந்து நிற்கிறது.

அக்கா சண்டைக்கே வருவாள்: "என் புரோகிராமில் பூட்டி, அதிலேயே திறந்தேன்டா, சரியாத்தானே வருது!" வரத்தான் செய்யும். போகும்போது செய்த அதே தப்பைத் திரும்பும்போதும் செய்தால் கணக்கு நேராகிவிடும். அதனால்தான் இந்தப் பிழை ஆசிரியர் கண்ணுக்கும் எளிதில் தட்டுப்படுவதில்லை.

எந்த எழுத்திலிருந்து கெட்டது? ஸ்பேஸுக்கு அடுத்த எழுத்திலிருந்து. அங்கேயே காரணமும் இருக்கிறது. லூப்பில் செய்திக்கும் சாவிக்கும் ஒரே எண்ணியை வைத்திருக்கிறாள். ஸ்பேஸைக் கடக்கும்போது சாவியும் ஓரடி நகர்ந்து, ஓ வீணாகிவிட்டது. வி-யோடு ஓ கூடி ஜே வரவேண்டிய இடத்தில், வி-யோடு வி கூடிக் க்யூ போயிருக்கிறது. சாவிக்குத் தனி எண்ணி வைத்து, எழுத்து வந்தால் மட்டும் அதை நகர்த்தினால் தீர்ந்தது. லூப்புக்குள் ஒரு பிரிண்ட்எஃப் போட்டு, செய்தி எழுத்தையும் சாவி எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பார்த்தால் இது கண்ணில் படும். உதவிக்கு வரும் சீனியர்கள் தயவுசெய்து கீபோர்டை வாங்கித் திருத்திக் கொடுக்காதீர்கள். முதலில் தப்பிய எழுத்து எது என்று மட்டும் கேளுங்கள், போதும்.

பெரிய எழுத்தில் ஓடும் புரோகிராம் சின்ன எழுத்தில் கவிழ்வதும் உண்டு. கணினிக்குள் சின்ன ஆர் 114. சாவியின் பி தரும் 15-ஐக் கூட்டினால் 129. நம் லேப்டாப்களில் சாதாரண 'சார்' வகை 127 வரைதான் தாங்கும். 129 அங்கே மைனஸ் 127 ஆகிவிடும். 'இசட்டைத் தாண்டினால் 26-ஐக் கழி' என்ற வரி வேலையே செய்யாது. முதலில் சின்ன ஏ-யின் 97-ஐக் கழித்து 0 முதல் 25-க்குள் கொண்டுவந்து, கூட்டி, 26-ஆல் வகுத்த மீதியை எடுத்து, கடைசியில் 97-ஐச் சேர்க்க வேண்டும்.

தம்பி பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. அவனுக்கு வந்த முதல் எழுத்து ஜி, அதாவது 6. அதிலிருந்து 15 போனால் மைனஸ் 9. சி மொழியில் மைனஸ் 9-ஐ 26-ஆல் வகுத்த மீதி மைனஸ் 9-ஆகவேதான் நிற்கும். மீதி எடுக்கும் முன்பே 26-ஐச் சேர்த்துக்கொண்டால் 17. அதுதான் ஆர்.