பகலில் டீச்சர், இரவில் மாணவி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாவுக்கு ஒரு டொக்டரைக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் நான் பேச வந்தது நம் ஆசிரியைகளின் மேற்படிப்பைப் பற்றி. பகலெல்லாம் வகுப்பில் நின்றுவிட்டு, இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு இணையவழியில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். என் வகுப்புத் தோழிகளிலும் இருக்கிறார்கள்.

இதில் டொக்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். இரத்தச்சோகையோடு வரும் பெண் பிள்ளைகளைப் பார்க்காத வாரம் எனக்கு இல்லை. இரும்புச்சத்துள்ள உணவு எது என்று கேட்டால் கீரை, பருப்பு, கருவாடு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பாடம் தெரியும். ஆனால் சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை சாயத் தண்ணீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கிறது என்பது தெரியாது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வை, சோற்றோடு கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொள், கொய்யாப்பழம் சாப்பிடு என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, நான் எழுதும் மாத்திரையின் பாதி வேலையைச் செய்துவிடுகிறார்.

நாடு முழுவதற்கும் எழுதிய பாடத்தை ஹாலிஎலயில் லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ஏற்றவாறு எடுத்துக் கொடுப்பது தனி அறிவு. எதைக் கற்பிக்கிறோம், எந்த வரிசையில், எந்த முறையில், பிள்ளைக்கு விளங்கியது என்று எப்படித் தெரிந்துகொள்வது: இந்த நான்கு கேள்விகளைத்தான் கலைத்திட்டமும் போதனையும் என்ற துறை கேட்கிறது. 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது ஆசிரியர் கைந்நூல்கள் பாடசாலைகளுக்கு வந்தன. கைந்நூல் வந்ததும் கற்பித்தல் மாறிவிடாது. அதை வாசித்து, தன் வகுப்போடு பொருத்திப் பார்க்கும் ஆசிரியர் வேண்டும்.

நம் பகுதியில் இந்தப் படிப்பு எவ்வளவு பிந்தி வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பிறகு ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இரண்டு வருடம் உள்ளே படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி என்று நம் பிள்ளைகள் பலர் அங்கே ஆசிரியரானார்கள். அதற்கு மேல் படிக்க விரும்பிய பெண்ணுக்கு முன்னே நின்றது பேராதனை, கொழும்பு, மகரகம என்ற தூரம். கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது?

அந்தத் தூரத்தைக் குறைத்தது தொலைக்கல்வி. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் நாவலயில் இருந்தாலும் பதுளையிலும் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. அச்சிட்ட பாடநூல் தபாலில் வந்த காலம் போய், இன்று விரிவுரை கைபேசிக்கே வருகிறது.

ஆனால் "ஒன்லைன்தானே, சும்மா வீட்டிலிருந்து செய்யலாம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறியாக மட்டும் செய்யும் முதுமாணிக்குக் குறைந்தது 30 திறமைப் புள்ளிகள். ஒரு புள்ளி என்பது 50 மணி நேரக் கற்றல். மொத்தம் 1,500 மணி நேரம். இரவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 750 இரவுகள். ஆய்வோடு சேர்ந்த முதுமாணி என்றால் 60 புள்ளிகள், அதாவது இன்னும் ஒரு மடங்கு. அந்த இரவுகளில் சமையலும் உண்டு, பிள்ளையின் காய்ச்சலும் உண்டு, மாமியாரின் மருந்தும் உண்டு. தூக்கம் குறைந்து, தலைவலி என்று என்னிடம் வரும் ஆசிரியைக்கு நான் எழுதிக்கொடுக்க முடியாத மருந்து ஒன்று இருக்கிறது: வீட்டில் இன்னொருவர் அடுப்படியைப் பொறுப்பேற்பது.

அடுத்தது சிக்னல். 2021 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, நம் பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் இணையத்தைத் தேடிக் காட்டுவழியே நடந்து மலையுச்சிக்கு ஏறிய செய்தி உலகமெங்கும் போனது. பிள்ளைக்கு எட்டாத சிக்னல் ஆசிரியைக்கு மட்டும் எட்டுமா?

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். இணையத்தில் பட்டம் விற்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பெயர், அழகான சான்றிதழ், தவணைப் பணம். காசு கட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது தெரியவந்தால், போன காசும் வராது, போன இரவுகளும் வராது.

"முதுமாணி முடித்ததும் டவுன் பாடசாலைக்கு மாற்றம் எடுத்துப் போய்விடுவார்கள், தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன லாபம்?" என்றும் கேட்கிறார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். கஷ்டப் பிரதேச வைத்தியசாலையிலிருந்து டொக்டர்மார் போவதில்லையா? போகிறவரைக் குறை சொல்வதால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. படிக்கும் காலத்திலேயே படிப்பை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் கிடைக்கும். ஒப்படைக்கு யாரோ எழுதியதைப் பார்த்து எழுதாமல், தன் தரம் ஆறு பிள்ளைகள் பின்னக் கணக்கில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஒரு தவணை முழுவதும் குறித்துவைத்து எழுதலாம். அப்படித் தயாரித்த பயிற்சித் தாள்களைப் பாடசாலையிலேயே விட்டுப் போகலாம். ஆள் மாறினாலும் அந்த வேலை தங்கும். வார்ட்டில் நாங்கள் எழுதிவைக்கும் குறிப்பை அடுத்து வரும் டொக்டர் வாசிப்பதைப் போல, அடுத்து வரும் ஆசிரியை அதை எடுத்துக்கொள்வார்.

ஆகவே நூற்றாண்டை ஒட்டி நம் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். கட்டடமும் வளைவும் கட்டுவதற்கு முன் இவற்றை யோசியுங்கள்.

ஒன்று, பாடசாலையில் ஓர் அறை. நல்ல இணைய இணைப்பு, நான்கு கணினி, ஒரு பிரின்டர். வார இறுதியில் சுற்றுவட்டாரத் தோட்டப் பாடசாலை ஆசிரியைகள் எவரும் வந்து படிக்கலாம். பக்கத்து அறையில் அவர்களுடைய சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற அக்காமார் முறைவைத்து உட்காரலாம்.

இரண்டு, தமிழ். மேற்படிப்புக்கான வாசிப்பில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பனிலும் இருக்கும் நம் சகோதரிகள் மாதம் ஒரு கட்டுரையின் சாரத்தைத் தமிழில் சொல்லி ஒலிப்பதிவாக அனுப்பினால் போதும். ஆசிரியைகள் பஸ்ஸில் வரும்போது கேட்பார்கள்.

மூன்று, கட்டணத்துக்குக் கைமாற்று நிதி. நன்கொடையாக வேண்டாம், வட்டியில்லாக் கடனாக. ஒருவர் திருப்பிக் கட்டுவது அடுத்தவருக்குப் போகட்டும்.

எனக்கு விஞ்ஞானம் படிப்பித்த டீச்சருக்கு இப்படி ஒரு வாய்ப்பு இருக்கவில்லை. இருந்திருந்தால் எங்கள் வகுப்பிலிருந்து இன்னும் எத்தனை பேர் எங்கெங்கே போயிருப்போமோ தெரியாது. இன்று வாய்ப்பு இருக்கிறது. படிக்கிற ஆசிரியைகளுக்கு நேரத்தையும் இடத்தையும் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே அந்த அறைக்கான முதல் பேச்சை எடுங்கள். என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.