கடலில் அபாய அறிவிப்பு: வாணமா, மின்கருவியா?

(தடைக்கால விடுமுறையில், ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் கூடிய நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நெய்தல் நிலத்து மக்களாகிய நாம் குறிஞ்சி நிலத்தில் கூடிக் கடலைப்பற்றிப் பேசுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலமாதலின், நம்மில் கடலுக்குச் செல்வோரும் அவரை எதிர்பார்த்துக் கரையில் இருப்போரும் ஒருங்கே அமர்ந்து கேட்கக்கூடிய காலம் இதுவே. வலையையும் எஞ்சினையும் பழுது பார்க்கும் இந்நாட்களில், உயிர் காக்கும் சாதனங்களையும் பார்த்துச் சீர் செய்தல் அவசியமன்றோ? ஆகவே, சிறு படகில் செல்வோர் ஆபத்தில் உதவி கோருவதற்கு வெடிமருந்து வாணத்தை நம்புவதா, மின்கருவியை நம்புவதா என்னும் விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டோம்.

நேற்றிரவு நம் குழந்தைகள் இம்மலை வானத்தின் நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டு வியந்தனர். இம்மலைத் தொடரிலுள்ள காவலூரில் வானாராய்ச்சி நிலையம் அமைந்ததற்கு இவ்விருளும் ஒரு காரணம். அங்கே 1986-ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி பணி செய்து வருகிறது. எத்துணை மங்கிய ஒளியும் அங்கே புலப்படுகிறது. ஆயினும், அதனைக் காண்பதற்கு ஒருவர் விழித்திருந்து அத்திசையை நோக்கவேண்டும். நோக்குவாரின்றேல், ஒளி இருந்தும் பயனில்லை. நாம் சொல்லப்போவதற்கெல்லாம் இதுவே அடிப்படை.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். அக்கப்பல் இருவகையாலும் உதவி கோரிற்று. வானில் வெண்ணிற வாணங்களை ஏவினார்கள். கம்பியில்லாத் தந்தியினாலும் அழைத்தார்கள். அருகே நின்றிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பலின் காவலர் வாணங்களைக் கண்டனர். அவற்றின் பொருளை அறிந்து செயற்பட்டாரில்லை. அக்கப்பலின் தந்திப் பணியாளரோ வேலை முடித்து உறங்கிவிட்டார். ஏறக்குறைய 58 கடல்மைல் தொலைவிலிருந்த கார்ப்பாத்தியா தந்தியைக் கேட்டு விரைந்து வந்து எழுநூற்றுக்கு மேற்பட்டோரைக் காத்தது. விடியுமுன் அது நெருங்கியபோது, மீட்புப் படகொன்றில் ஏந்திய பச்சைச் சுடரே வழி காட்டிற்று. தொலைவிலிருந்து துணையை வரவழைத்தது மின்குறி. வந்த துணைக்கு இடத்தைக் காட்டியது தீச்சுடர்.

இனி, வாணங்களின் இயல்பைக் காண்போம். சர்வதேச விதிகளின்படி அமைந்த பாராசூட் வாணம் 300 மீட்டருக்குக் குறையாமல் எழுந்து, 30,000 காண்டெலா செவ்வொளியுடன் 40 விநாடியேனும் எரியவேண்டும். கைச்சுடர் 15,000 காண்டெலா ஒளியுடன் ஒரு நிமிஷம் எரியவேண்டும். பகலுக்குரிய மிதக்கும் புகைக்குப்பி மூன்று நிமிஷம் செம்மஞ்சள் புகை விடவேண்டும். பூமி உருண்டையாதலால் உயரம் கூடக் காட்சி எல்லை விரியும். 300 மீட்டர் உயரத்து ஒளியைக் கடல் மட்டத்தில் இருப்பவனும் கணக்கின்படி 60 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காணக்கூடும். 3 மீட்டர் உயரத்தில் ஏந்திய கைச்சுடரோ அவன் கண்ணுக்கு 6 கிலோமீட்டர் அளவிலேயே அடிவானத்தில் மறையும். மழையும் மூடுபனியும் இவ்வெல்லைகளை இன்னும் குறுக்கிவிடும்.

வாணத்தின் நற்குணம் யாதெனில், அதைக் காண்பவனுக்கு எந்த யந்திரமும் வேண்டுவதில்லை. கண் ஒன்றே போதும். அதன் குறையும் அதுவே. அந்த 40 விநாடிக்குள் எவரும் அத்திசையை நோக்காவிடில் அது வீணாய் ஒழியும். மேலும் வெடிமருந்து ஈரத்துக்குப் பகை. வாணத்தின் மேல் பொறித்துள்ள காலாவதித் தேதி பெரும்பாலும் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டளவே. தவறாகப் பிடித்தால் கையையும் படகையும் சுடும்.

எம் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் எஞ்சின் பழுதாகி மிதந்த படகொன்றில் இரண்டு வாணங்கள் இருந்தன. ஒன்று நனைந்து பற்றவில்லை. மற்றொன்றை, எஞ்சின் நின்ற சிறிது நேரத்திலேயே, பதற்றத்தால் வெறுங்கடலின் மேல் ஏவிவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் தொலைவில் ஒரு கப்பல் விளக்குடன் சென்றது; காட்டுவதற்குக் கையில் ஏதுமில்லை. பின்னர்த் துடுப்பில் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்துக் கொளுத்திக் காட்ட, வேறொரு நாட்டுப்படகு கண்டு வந்து மீட்டது. "அந்த ஒரு வாணத்தை வைத்திருந்தோமானால்!" என்று அதிலிருந்தவர் எம்மிடம் சொல்லி வருந்தினார்.

மின்கருவியின் திறம் வேறு. 1979-ஆம் ஆண்டு கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ரஷ்யா ஆகிய நான்கு நாடுகள் கூடி வகுத்த காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டினால் 1982-ஆம் ஆண்டிலேயே செயற்கைக்கோள் வழியாக உயிர்கள் காக்கப்பெற்றன. 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் கூவும் கருவி, தனக்குரிய அடையாள எண்ணைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. இடமறியும் வசதி உள்ளதாயின் படகு நிற்கும் இடத்தையும் சேர்த்தே உரைக்கிறது. நம் நாட்டில் இஸ்ரோ நிறுவனம் மீனவருக்கெனச் செய்த அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் வழக்கில் உள்ளது. அதன் செய்தி பெங்களூரிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரக் காவற்படையின் மீட்பு மையத்துக்குச் செல்கிறது. முதலில் வந்த கருவியில் மறுமொழி வரவில்லை. கூவியவன் தன் குரல் கேட்டதா என்று அறியாமல் தவிக்கவேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறைக் கருவியில் அந்த மறுமொழியும் கிடைக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், 1 லட்சம் படகுகளில் செய்தித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தையும் மத்திய அரசாங்கம் தொடங்கிற்று.

இதன் அருமையை 2017-ஆம் ஆண்டு நமக்குக் கண்ணீரால் உணர்த்திற்று. நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் குமரிக்கு அருகே உருவெடுத்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் முன்னமே ஆழ்கடலில் இருந்தனர். கரையிலிருந்து எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவர்களது கூக்குரலும் கரையை எட்டவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம் மக்களை இழந்தன. அத்தகைய தொலைவில் எத்தனை வாணம் ஏவினும் காண்பார் யார்?

எனினும் மின்கருவியே போதும் என்று இருந்துவிடலாகாது. பாட்டரிக்கும் காலாவதி உண்டு. பதிவு செய்யாத கருவி கூவினால், கூவுவது யாருடைய படகு என்று விசாரிப்பதிலேயே பொன்னான நேரம் கழியும். விமானமோ கப்பலோ குறித்த இடத்துக்கு வந்த பின்னும், அலைகளின் நடுவே ஒரு சிறு வள்ளத்தைக் கண்டுபிடித்தல் எளிதன்று. அப்பொழுது வேண்டுவது சுடரும் புகையுமே.

எஸ்.ஓ.எஸ். என்று மின்னும் மின்விளக்குகளும் இப்போது விற்கப்படுகின்றன. அவை பல மணி நேரம் எரியும், தீப்பிடிக்கும் பயமுமில்லை. அமெரிக்கக் கடலோரக் காவற்படை, சிறு உல்லாசப் படகுகளுக்கு அத்தகைய விளக்கை இரவுச் சைகையாக ஒப்புக்கொள்கிறது. பகலுக்கு வேறு சைகை வைத்திருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. துணைக்கு இவ்விளக்கை வைத்துக்கொள்ளலாம். 300 மீட்டர் எழும் வாணத்துக்கு இது ஈடாகாது.

ஆகவே நம் முடிபு இது. கரை கண்ணில் மறையும் தொலைவுக்குச் செல்லும் படகுக்கு முதற்செலவு மின்கருவியாக இருக்கட்டும். அடுத்த செலவு வாணமாக இருக்கட்டும். கரையோரத்திலேயே பாடு பார்க்கும் சிறு வள்ளத்துக்குக் கைச்சுடரும் புகைக்குப்பியும் முதலில் வேண்டும். ஆபத்து நேர்ந்தால் முதலில் மின்கருவியை இயக்குக. ரேடியோ இருப்பின் 16-ஆம் சானலில் "மேடே" என மும்முறை அழைத்து இடத்தைச் சொல்லுக. கப்பலோ படகோ கண்ணுக்குத் தென்பட்ட பின்னரே பாராசூட் வாணத்தை ஏவுக. தலைக்குமேல் ஹெலிகாப்டர் நிற்கையில் ஒருபோதும் ஏவலாகாது. துணை நெருங்கியபின் கைச்சுடரைக் காற்று வீசிச் செல்லும் பக்கத்தில், படகுக்கு வெளியே நீட்டிப் பிடிக்க. பகலாயின் புகையை விடுக.

தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். படகின் பதிவெண், கருவியின் அடையாள எண், உடன் சென்றோர் பெயர், திரும்பும் நாள் இவற்றை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். குறித்த நேரத்தில் படகு வாராவிடில், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி அழுவதற்கு முன், கடலோரக் காவற்படையின் 1554 எண்ணுக்கும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கும் சொல்லுங்கள்.

சம்மாட்டிகளே! வலைக்கும் எஞ்சினுக்கும் கடன் வாங்கத் தயங்காத நாம் உயிருக்குச் செய்யும் சிறு செலவில் கஞ்சத்தனம் காட்டலாமா? தடைக்காலம் முடியுமுன் நம் சங்கத்தார் ஒவ்வொரு படகின் வாணத் தேதியையும் பாட்டரித் தேதியையும் ஒரு புத்தகத்தில் குறித்து வைக்க முன்வருவாராக. ஜூன் 15-இல் படகுகள் புறப்படும்போது, தேதி கடந்த வாணம் ஒன்றேனும் நம் துறையிலிருந்து செல்லாதிருக்குமாயின், இம்மலையில் நாம் கூடியதன் பயன் அதுவேயாகும்.