தார் சுற்றிக் கொடுக்கும் கை

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வீட்டிலிருந்து பணிசெய்யும்போது ஊக்கம் குறையாமல் இருப்பது எப்படி’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஊக்கம் குறையாமல் இருந்த ஒருவரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு 2020இல் மூன்றாவது வாரத்திலேயே குறைந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல முடியும்.

உங்களில் சிலர் அதற்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும் 2021 ஜனவரி 19இல் கதவு திறந்தது; இரண்டாம் அலையில் அதுவும் மூடியது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை செப்டம்பர் 1, ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1 என்று மீண்டும் திறந்தார்கள். ஆறாம் வகுப்பில் என்னிடம் சேர்ந்த பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்குப் போன பிறகுதான் என் வகுப்பறையில் உட்கார்ந்தார்கள்.

நான் இருப்பது மேற்குத் தாம்பரத்தில். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. எங்கள் தெருவில் பலருக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். அது நின்றுபோனதும் காலை எது, மாலை எது என்றே தெரியவில்லை. வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தம்பி கணினியோடு உட்கார்ந்திருப்பான். இன்னொன்றில் மாமியார், தொலைக்காட்சி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகன். எனக்குக் கிடைத்தது சமையலறை வாசல்.

2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. அதற்கு மேல் நாமும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். 41 பிள்ளைகள். பின்னங்களைப் பற்றி ஒரு காணொலி எடுத்தேன். குக்கர் விசில், தம்பியின் கூட்டம், மகனின் சண்டை எல்லாம் தாண்டிப் பதினோராவது முறைதான் சரியாக வந்தது. அனுப்பினேன். பார்த்தவர்கள் 14 பேர். பதிலாக வந்தவை இரண்டு கட்டைவிரலும் ஒரு ‘குட் மார்னிங் மிஸ்’ஸும். மூன்றாவது வாரம் யாரோ எடுத்த காணொலியை அப்படியே தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுதான் என்னை இன்னும் சோர்வாக்கியது.

எல்லோரும் சொல்லும் வழிகளை நானும் செய்து பார்த்தேன். எட்டரை மணிக்குப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கால அட்டவணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். அவை தவறான வழிகள் இல்லை. எனக்கு ஒரு வாரம் தாங்கின, அவ்வளவுதான்.

பின்னாளில் ஓர் ஆய்வைப் படித்தேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம், சீனாவில் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் 2010-11இல் நடத்தியது. தாமாக முன்வந்த தொலைபேசி மையப் பணியாளர்களில் ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டார்கள். வேலை 13 விழுக்காடு கூடியது. ஆனால், இனி உங்கள் விருப்பம் என்று சொன்னதும், வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் போல அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் தனிமை. இத்தனைக்கும், வீட்டில் தனி அறை இருப்பவர்களைத்தான் அந்த ஆய்வுக்கே எடுத்தார்கள்! என் சமையலறை வாசலை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்தத் தனிமைக்கு மருந்து எனக்கு அனகாபுத்தூரில் கிடைத்தது. நெசவாளர் ஊர் அது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் துணி அனுப்பிய ஊர். வாழைநாரில் நெய்யும் நெசவாளர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். என் மாணவி ஒருத்தியின் வீட்டு எண் பல நாளாக அணைந்தே இருந்ததால், முகக்கவசம் போட்டுக்கொண்டு நேரில் போனேன். தாத்தா குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். பாட்டி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பேத்தி பாட்டிக்குச் சிட்டம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “ஐயா, காலமெல்லாம் வீட்டுக்குள்ளேயே வேலை. அலுத்துப்போகாதா?”

“அலுக்காம என்ன டீச்சரம்மா? ஆனா இவ தார் சுத்தி வெச்சிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பா. நான் உட்காரலேன்னா தார் குமிஞ்சிடும். அப்புறம் அவகிட்ட யாரு பேச்சு வாங்குறது?”

பாட்டி விடவில்லை. “நான் சுத்தலேன்னா மட்டும் இவரு சும்மா இருப்பாரா?”

திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவருடைய கை நின்றால் அடுத்த நிமிடம் இன்னொருவருக்குத் தெரியும். நான் காணொலியை நிறுத்தினால் யாருக்குமே தெரியாது. நான் இத்தனை நாள் என் மனவுறுதியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை வேறு இடத்தில் இருந்தது.

அன்று இரவே சேலையூரில் இருக்கும் எங்கள் அறிவியல் ஆசிரியையைக் கூப்பிட்டேன். அவரும் என்னைப் போலத்தான் கிடந்தார். ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் இரவு எட்டரைக்குள், அன்று பேசிய பிள்ளைகளின் பெயரை ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். எத்தனை காணொலி அனுப்பினோம் என்ற கணக்குக் கிடையாது. நாளைக்கு நான்கு பெயர். பத்து, பதினோரு நாளில் ஒரு சுற்று முடியும்.

பல வீடுகளில் ஒரே தொலைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அதனால் ஏழு மணிக்கு மேல்தான் பேசுவேன். பாடம் நடத்த மாட்டேன். ஒரே ஒரு கணக்கு: “உங்கள் வீட்டுக் கதவு எத்தனை சாண்? அதில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு?” அளந்து முடித்தால் மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுகிறேன் என்பேன். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆறு மிஸ்டு கால்! முதல் அழைப்பு வந்த நேரம் ஐந்தே முக்கால். எனக்காகத் தார் சுற்றி வைத்திருந்தார்கள். அன்று புடவை கட்டவில்லை, அட்டவணையைப் பார்க்கவில்லை. பல் தேய்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

இதைக் கேட்டு நாள் முழுக்கத் தொலைபேசியும் கையுமாக இருக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டரைக்குப் பெயர் அனுப்பியதும் அணைத்துவிடுவேன். “எல்லார் கதவையும் கேக்கறியே, என்கிட்ட ஒரு கணக்கு கேட்டியா?” என்று என் மகன் கேட்ட பிறகு வந்த விதி அது.

ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் வீட்டு எண் அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். ‘எடுக்கவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அப்படிச் சில மாதங்கள் போயின. அறிவியல் ஆசிரியைதான் கேட்டார்: “உங்க பட்டியல்ல அந்தப் பையன் பேரு ஒருநாளும் வரலையே, ஏன்?” மறுநாள் போனேன். தண்ணீர் கேன் வண்டியில் ஏறிப் போயிருந்தான். பதினோரு வயது. அப்பாவுக்கு வேலை இல்லை. அம்மா என்னை உட்காரச் சொன்னார், ஆனால் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. அனகாபுத்தூருக்குப் போன கால், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த அந்த வீட்டுக்கு முன்னமே ஏன் போகவில்லை என்று எனக்கு இன்றும் பதில் தெரியாது.

நவம்பர் 1 அன்று 40 பேர் வந்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27இல், இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியிருந்தது. பிறகு அவன் தெருவிலும் ஒரு மையம் வந்தது. அங்கிருந்த தன்னார்வலர், கல்லூரியில் படிக்கும் பெண், வண்டி திரும்பும் நேரம் பார்த்துத் தெருமுனையில் நின்று அவனைக் கையோடு கூட்டிப் போவாராம். 2022 ஜூனில் பள்ளிக்கு வந்தான். எட்டாம் வகுப்பு. பின்னத்தில் மேலே எது, கீழே எது என்பதிலேயே தடுமாறினான். கதவிலிருந்து ஆரம்பித்தோம்.

இப்போதும் நவம்பர், டிசம்பரில் மழை விடுமுறை விட்டால் நமக்கு வீடுதான் பள்ளி. 2015 வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அந்த நாட்களில் பயந்துபோய் இருப்பார்கள். அன்றும் எட்டரைக்குச் சேலையூரிலிருந்து பெயர்கள் வந்துவிடும். எனக்குத் தாமதமானால் ஒரே ஒரு கேள்விக்குறி வரும்.

தேநீருக்கு நேரமாகிவிட்டது. எழுந்து போகும் முன், பக்கத்தில் இருப்பவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிக்காரராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்று இரவு எட்டரைக்கு ஒரு பெயர் அனுப்புங்கள்.